நடைபாலம் திறப்பு: மலைவாழ் மக்கள் மகிழ்ச்சி

அவளுடைய பெயரை அச்சில் முதன்முதலாகப் பார்த்த காலையில் என் டீ குடிக்காமலேயே ஆறிப்போனது. பெருமாள்மலை முக்கில் என் ஜெராக்ஸ் கடையைத் திறந்துவிட்டு, பக்கத்து டீக்கடையில் கிடந்த பேப்பரை எடுத்தேன். நான் எழுதும் பேப்பர் அல்ல, அதன் போட்டிப் பேப்பர். மாவட்டப் பக்கத்தில் கூக்கால் கிராமத்தைப் பற்றி ஒரு பெரிய செய்தி. தலைப்புக்குக் கீழே தனி வரியில், கொட்டை எழுத்தில், அவள் பெயர்.

நான் பதினெட்டு வருடமாகக் கொடைக்கானல் வட்டாரத்தில் பகுதிநேர நிருபர். பதினெட்டு வருடத்தில் என் பெயர் ஒரு நாளும் அச்சேறியதில்லை. எங்கள் பேப்பரில் 'நமது நிருபர்' என்றுதான் போடுவார்கள். நன்றாக எழுதினாலும் நமது நிருபர், சொதப்பினாலும் நமது நிருபர். ஒரு பெருமழையில் மலைப்பாதை சரிந்தபோது மூன்று நாள் வீட்டுக்குப் போகாமல், நனைந்த சட்டையோடு எழுதி அனுப்பினேன். அப்போதும் அதே நமது நிருபர்தான். அவளோ அந்தப் பேப்பரில் நிருபராகச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. நேரில் போய்ப் பார்த்து எழுதினால் பெயர் போடுவது அவர்கள் பேப்பரில் வழக்கம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். தெரிந்து என்ன, எரிந்த வயிறு எரிந்ததுதான்.

அவள் சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பெண். தாத்தாவுக்கு அங்கே தேயிலைத் தோட்டத்தில் வேலை, அப்பாவுக்கு இங்கே காபித் தோட்டத்தில். பேச்சில் எப்போதாவது அந்தப் பக்கத்துச் சொல் எட்டிப் பார்க்கும். "விளங்குதா அண்ணே" என்பாள். எனக்கு விளங்காமல்தான் பதினெட்டு வருடம் ஓட்டினேனா என்று உள்ளுக்குள் முறைத்துக்கொள்வேன். ஒரு பழைய ஸ்கூட்டர், ஒரு மழைக்கோட்டு, தோளில் ஒரு பை. அவ்வளவுதான் அவளுடைய சொத்து.

எங்கள் தொழிலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தொகுதி மேம்பாட்டு நிதி என்று ஒன்று உண்டு. மக்கள் பிரதிநிதிகள் தங்கள் தொகுதியில் சின்னச் சின்ன வேலைகளுக்கு ஒதுக்கும் அரசுப் பணம். பஸ் நிழற்குடை, தண்ணீர்த் தொட்டி, நடைபாலம் என்று ஏதாவது அதில் நடந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பூமி பூஜை, ஒரு திறப்பு விழா. மலையில் சீசன் இல்லாத மாதங்களில் எங்கள் பிழைப்பே இந்தச் செய்திகள்தான். இதற்கு நிருபர்கள் எங்களுக்குள் ஒரு முறை வைத்திருந்தோம். ஒரு விழாவுக்கு ஒருவர் 'மேட்டர்' எழுதினால் போதும். அதை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுவார். மற்றவர்கள் முதல் வரியை மட்டும் கொஞ்சம் மாற்றி அவரவர் பேப்பருக்கு அனுப்புவார்கள். அடுத்த விழா அடுத்தவர் முறை. யாரும் எங்கேயும் அலைய வேண்டாம். அரசாங்கக் குறிப்பு கையில் இருக்கும், போட்டோ போனில் வந்துவிடும்.

அவள் இந்த முறையில் சேரவில்லை. குரூப்பில் சேர்ந்தாள், ஆனால் யாருடைய மேட்டரையும் எடுக்கவில்லை. கூக்காலுக்குப் பஸ் குறைச்சல் என்பது மலையில் எல்லோருக்கும் தெரியும். அவள் சாயங்கால பஸ்ஸில் போய், அங்கே ஒரு வீட்டில் தங்கி, மறுநாள் திரும்பியிருக்கிறாள். புதிதாகக் கட்டிய நிழற்குடையில் ஆடுகள் படுத்திருப்பதையும், அந்த இடத்தில் பஸ் நிற்பதே இல்லை, வளைவுக்கு அந்தப்பக்கம்தான் நிற்கிறது, சனம் மழையில் அங்கேயேதான் நிற்கிறது என்பதையும் எழுதியிருந்தாள். அந்த நிழற்குடைத் திறப்பு விழாவுக்கு நாங்கள் எல்லோரும் ஒரே மேட்டரைத்தான் அனுப்பியிருந்தோம். அதில் ஆடும் இல்லை, வளைவும் இல்லை.

போட்டிப் பேப்பரை என் மனைவி வீட்டுக்கே வரவழைக்க ஆரம்பித்தாள். அது போதாதென்று எனக்குச் சாப்பாடு வைத்துக்கொண்டே சத்தமாக வாசித்தாள்.

"இந்தப் புள்ள எழுதுனா எடம் கண்ணுல தெரியுதுங்க" என்றாள். "நீங்க எழுதுறது கல்யாணப் பத்திரிகை கணக்கா இருக்கு. யாரு தலைமை, யாரு முன்னிலை, யாரு நன்றியுரை. பொண்ணு மாப்ளைய மட்டும் காணோம்."

"கொழம்ப ஊத்து" என்றேன்.

ரோஷம் தாங்காமல் நானும் ஒருநாள் கிளம்பினேன். மேல்மலையில் போளூர் கிராமத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டி, தண்ணீர் ஏறவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். முதுகு ஒடிய மேல்மலை ரோட்டில் போய் இறங்கி, பூண்டு காயப்போட்டுக்கொண்டிருந்தவர்களிடம் நோட்டை எடுத்துக்கொண்டு நின்றேன். ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்தப் பாப்பா போன வாரமே வந்து எல்லாம் எழுதிட்டுப் போயிருச்சே. நீங்க அவங்க ஆபீஸா?"

அவளுக்கு நான் ஆபீஸ். திரும்பி வருகிற வழியெல்லாம் அந்த ஒரு வரி என் காதில் ஓடிக்கொண்டே இருந்தது. அன்றைக்குத்தான் தீர்மானித்தேன், இவள் ஒரு தப்புச் செய்யாமலா போய்விடுவாள் என்று. அதற்குப் பிறகு அவள் செய்திகளை நான் வாசித்தது செய்திக்காக அல்ல. பல்லில் கல் கடிபடாதா என்று சோற்றை மெல்லுகிறவனைப் போல வாசித்தேன்.

இரண்டு மாதத்தில் கல் கடிபட்டது. பெருமாள்மலைக்குக் கீழே, காபித் தோட்டங்களுக்கும் கீழே, ஓடைக்கு அந்தப் பக்கம் பளியர் பழங்குடி மக்களின் குடியிருப்பு ஒன்று உண்டு. அந்த ஓடையில் பாலம் இல்லாமல் மழைக்காலத்தில் வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக முடியவில்லை என்று எழுதியிருந்தாள். அதே கொட்டை எழுத்தில் பெயர். வாசித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பாலம் நாலு வருடத்துக்கு முன்பே தொகுதி நிதியில் கட்டித் திறந்தாயிற்று. அந்த மேட்டரை எழுதியதே நான்தான். அன்றைக்கு என் முறை. 'நடைபாலம் திறப்பு: மலைவாழ் மக்கள் மகிழ்ச்சி' என்பது நான் வைத்த தலைப்பு. அது பிடித்துப்போய் ஐந்து பேப்பரிலும் மாற்றாமல் போட்டார்கள்.

என் செய்திகளை வெட்டி ஒட்டி வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. பெயர் இல்லாவிட்டாலும் எனக்குத் தெரியுமே, எது என்னுடையது என்று. ஃபைலைத் துழாவி அந்தக் கட்டிங்கை எடுத்து, போட்டோ பிடித்து, குரூப்பில் போட்டேன். கூடவே இப்படி எழுதினேன்: 'நான் எழுதிய செய்தி. தங்கைக்கு ஒரு வேண்டுகோள். இல்லை என்று எழுதும் முன் பழைய பேப்பரைப் பார்ப்பது நல்லது.' ஒவ்வொருவராகக் கட்டைவிரலைத் தூக்கினார்கள். ஒருவர் சிரிக்கிற பொம்மை போட்டார். அந்தப் பகல் முழுவதும் நான் இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அவளுடைய பதில் மத்தியானம் வந்தது. 'இந்தக் கட்டிங் ஏற்கனவே என்கிட்ட இருக்கு அண்ணே. யார் எழுதினதுன்னுதான் தெரியாம இருந்துச்சு. நாளைக்குக் கடைக்கு வாறேன்.'

மறுநாள் அவள் தனியாக வரவில்லை. கூட வந்த பெண்மணியை எனக்கு நன்றாகத் தெரியும். நாற்பது வயதிருக்கும், இடது காலைச் சாய்த்து நடப்பாள், காபிப் பழம் பறிக்கும் வேலை. சில மாதத்துக்கு ஒருமுறை ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்து ஜெராக்ஸ் எடுத்துப் போவாள். நான் தாளை வாங்கிக் கண்ணாடியில் கவிழ்ப்பேன், பட்டனை அழுத்துவேன், திருப்பிக் கொடுப்பேன். ஒரு தடவைகூட அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை. அவள் அந்தக் குடியிருப்புக்காரி என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

நிருபர் அந்தக் கவரைப் பிரித்து மேஜையில் வைத்தாள். மேலே, பாலம் கேட்டு எழுதிய மனு. அதன் கீழே, அதிகாரிகளிடமிருந்து வந்த பதில். பணி முடிந்துவிட்டது, ஆதாரமாக நாளிதழ்ச் செய்தி இணைக்கப்பட்டுள்ளது என்று இருந்தது. அதன் கீழே ஆதாரம். நடைபாலம் திறப்பு: மலைவாழ் மக்கள் மகிழ்ச்சி.

"அஞ்சு பேப்பர்லயும் ஒரே வரி அண்ணே" என்றாள் அவள். "நான் இல்லைன்னு எழுதினா, இருக்குன்னு அஞ்சு பேப்பர் சொல்லுது. எங்க ஆபீஸ்லயே கேக்குறாங்க. போட்டோ காட்டினா, அது வேற ஓடையா இருக்கலாமேங்கிறாங்க. பாலம் இல்லைன்னு ஒரு வாரத்துக்குள்ள ஆதாரம் காட்டலேன்னா மறுப்பு போடணும்னு சொல்லிட்டாங்க. போட்டா இவங்க மனு அதோட முடிஞ்சிரும்."

அந்தப் பெண்மணிக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் அந்தக் கட்டிங்கின் மேல் விரலை வைத்து என்னைக் கேட்டாள். குரலில் கோபமே இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் கேட்டாள்.

"இத நீங்கதான் எழுதுனீங்களாமே சார். பாலத்துல நடந்து பாத்தீங்களா?"

நடக்கவில்லை. திறப்பு விழா என்பது பெருமாள்மலை ரோட்டோரத்தில் ஒரு பந்தலில் நடந்தது. நாலைந்து வேலைகளின் கல்வெட்டுகளை வரிசையாக ஒரே இடத்தில் நிறுத்தி, ஒவ்வொன்றாகத் திரையை விலக்கினார்கள். அப்படித்தான் செய்வார்கள், யாரும் தப்பாக நினைப்பதில்லை. ஓடைவரை போக வேண்டுமென்றால் மழையில் ஒரு மணி நேரம் கீழே இறங்க வேண்டும், பாதையெல்லாம் அட்டை. எனக்குப் புதுச் செருப்பு. மலைவாழ் மக்களின் மகிழ்ச்சியை நான் பந்தலில் உட்கார்ந்துதான் எழுதினேன். இதில் ஒரு வார்த்தையையும் அன்றைக்கு வாய்விட்டுச் சொல்லவில்லை. "பார்ப்போம்மா" என்றேன்.

"பாக்கத்தான் கூப்பிடுறேன்" என்றாள் நிருபர். "நாளைக்கு வெள்ளனே கிளம்புனா மதியத்துக்குள்ள வந்துரலாம்."

போனோம். காபிச் செடிகளுக்கு நடுவே சரிவில் இறங்கும் ஒற்றையடிப் பாதை. கால் சாய்ந்த பெண்மணி முன்னால் விறுவிறுவென்று போனாள், நான் மரங்களைப் பிடித்துப் பிடித்து இறங்கினேன். "வெரசா வாங்க சார், மழை புடிச்சிக்கிரும்" என்று அவள் எனக்காக இரண்டு முறை நின்றாள். ஓடையில் கரைக்கு ஒன்றாக இரண்டு தூண்கள் நின்றன. அவ்வளவுதான் பாலம். தூணின் உச்சியில் துருப்பிடித்த கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன, அதில் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். தூண்களுக்கு இடையே ஒரு மரத்தடியைக் குறுக்கே போட்டிருந்தார்கள்.

"அந்தா கெடக்குல்ல, அந்தப் பாறைதான்" என்று அந்தப் பெண்மணி கையைக் காட்டினாள். "பாலம் தொறந்தாச்சுன்னு சொன்னாங்கள்ல, அதுக்கு அடுத்த மழையில. பழம் பறிச்சிட்டு வந்தேன். தடி வழுக்கிருச்சு."

அவளை மூன்று பேர் போர்வையில் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்திருக்கிறார்கள். நேரத்துக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர முடியவில்லை, எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. இதை நிருபர் எழுதியிருந்தாள், நான்தான் தப்புத் தேடுகிற அவசரத்தில் அந்தப் பத்தியைத் தாண்டிப் போயிருந்தேன்.

இப்போது ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த ஓடைக்கரையில் நிற்கும்போதுகூட எனக்கு முழுதாக வெட்கம் வரவில்லை. குடியிருப்பிலிருந்து நாய்கள் ஓடி வந்தன. என்னைப் பார்த்துக் குரைத்தன, நிருபரிடம் போய் வாலை ஆட்டின. குழந்தைகள் அவள் பையில் கையை விட்டுப் பார்த்தன. வீட்டுக்காரர்கள் அவளுக்கு மட்டும் தேன் ஊற்றிக் கொடுக்கவில்லை, எனக்கும் கொடுத்தார்கள். ஆனால் அவளிடம்தான் பேசினார்கள். பதினெட்டு வருடம் இந்த மலையை எழுதியவன் நான், எனக்கு இங்கே ஒரு நாயைக்கூடத் தெரியவில்லையே என்று, தேன் நாக்கில் இருக்கும்போதே மனசு கசந்தது.

திரும்பும் வழியில் அவள் கேட்டாள். "நீங்க ஒரு லெட்டர் தரணும் அண்ணே. அன்னைக்கு நேர்ல போகல, குறிப்பை வச்சு எழுதினேன்னு. எழுதினவரே சொன்னாத்தான் அந்தக் கட்டிங் செல்லாமப் போகும். விளங்குதா?"

"யோசிச்சுச் சொல்றேன்மா."

யோசிக்க என்ன இருந்தது என்று கேட்டால், இருந்தது. நான் எதுவும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தாலே போதும். ஐந்து பேப்பரும் ஒரு பக்கம் நிற்கும், அவள் ஒரு பக்கம் நிற்பாள். அவள் ஆபீஸ் மறுப்புப் போடும். அவள் பெயரைச் சொல்லியே மறுப்பு வரும். பிறகு கொட்டை எழுத்தும் வராது, என் மனைவியின் வாசிப்பும் நின்றுபோகும். கெடுவான் கேடு நினைப்பான் என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அந்த இரண்டு நாளும் நான் வேறு எதையும் நினைக்கவில்லை. ஒப்புக்கு எங்கள் ஆபீசுக்குப் போன் செய்து, ஒரு திருத்தம் போட முடியுமா என்று கேட்டேன்.

"நாலு வருஷத்துச் செய்திக்கா திருத்தம்? ஒங்களுக்கு வேற சோலி இல்லையா?" என்றார் டெஸ்க்கில் இருந்தவர். "அவங்க பேப்பர் கெளப்புன விஷயத்துக்கு நம்ம எதுக்குத் திருத்தம் போடணும்?"

அப்பாடா என்று இருந்தது. நம் பங்குக்குச் செய்தாயிற்று, ஆபீஸ் ஒத்துக்கொள்ளவில்லை, நான் என்ன செய்ய.

மூன்றாம் நாள் அந்தப் பெண்மணி கவரோடு கடைக்கு வந்தாள். திங்கட்கிழமை மனு கொடுக்கப் போகிறாளாம். எல்லாத் தாளிலும் ஒரு காப்பி வேண்டும் என்றாள். எப்போதும் போல வாங்கிக் கண்ணாடியில் வைத்தேன். மனு, பதில். மூன்றாவதாக என் கைக்கு வந்தது என் கட்டிங்.

"இதுவுமா வேணும்?" என்றேன்.

"அதுவும் போட்டாத்தான சார் மனுவ வாங்குறாங்க. அவங்க குடுத்த பேப்பரு, அத விட்டுட்டுக் குடுத்தா முழுசா இல்லைங்கிறாங்க. எப்பவும் அதையும் சேத்துத்தான் நீங்க எடுத்துக் குடுப்பீங்க."

பாலம் வேண்டும் என்ற மனுவோடு, பாலம் இருக்கிறது என்ற என் பொய்யையும் சேர்த்து, நாலு வருடமாக அவள் சுமந்துகொண்டு அலைந்திருக்கிறாள். சாய்ந்த காலோடு. ஒவ்வொரு தடவையும் அதைப் பிரதி எடுத்துக் கொடுத்தது என் கை. வெட்கம் ஓடைக்கரையில் வராமல் அங்கே, மெஷின் முன்னால் வந்தது. என்னால் அந்தப் பட்டனை அழுத்த முடியவில்லை. அவளை ஸ்டூலில் உட்காரச் சொல்லிவிட்டு, ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எழுதினேன். நான் அந்த இடத்துக்குப் போகவில்லை, பாலத்தைப் பார்க்கவில்லை, மக்கள் மகிழ்ந்ததையும் பார்க்கவில்லை. மூன்றே வரி. பதினெட்டு வருடத்தில் யார் தலைமை, யார் முன்னிலை என்று இல்லாமல் நான் எழுதியது அது ஒன்றுதான். கையெழுத்துப் போட்டு, கட்டிங்குக்குப் பதிலாக அதைக் கண்ணாடியில் வைத்தேன்.

நிருபருக்குப் போன் செய்து வாசித்துக் காட்டினேன்.

"பேரு போடணுமா அண்ணே? ஒரு நிருபர்னு மட்டும் போட்டுக்கலாம். உங்க ஆபீஸ்ல பிரச்சினை வரும்."

"போடு" என்றேன். "முழுசாப் போடு."

அதில் பாதி நியாயம். மீதிப் பாதி என்ன என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை டீக்கடைக்கு முதல் ஆளாகப் போனேன். போட்டிப் பேப்பரின் மாவட்டப் பக்கத்தில் முதல் செய்தியாகவே இருந்தது. ஐந்தாவது பத்தியில், போகாமல் எழுதிய நிருபர் என்று, என் பெயர். ஒரு எழுத்துப் பிசகாமல் அச்சில் இருந்தது. வெட்கத்திலும் அதை இரண்டு முறை வாசித்தேன். பிறகு என் கண் தானாக மேலே போய், தலைப்புக்குக் கீழே இருந்த அவள் பெயரைப் பார்த்தது. அது கொட்டை எழுத்து. எங்கள் ஆபீஸிலிருந்து போன் வந்து, இனிமேல் செய்தி அனுப்ப வேண்டாம் என்று சொன்னார்கள். வீட்டில் மனைவி அன்றைக்குச் சத்தமாக வாசிக்கவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தை மடித்து என் ஃபைலுக்குள் வைத்திருந்தாள், மாலையில்தான் பார்த்தேன்.

இதை எழுதுகிற நாளில் ஓடைப் பாலத்துக்கான இரும்பு உத்தரங்கள் பெருமாள்மலையில் ரோட்டோரமாக வந்து இறங்கியிருக்கின்றன. கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்தேன். பாலம் வந்துவிட்டது என்று யாரிடமும் சொல்லவில்லை, நடந்து பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

செய்தி வந்த அன்று மத்தியானம் அந்தப் பெண்மணி பேப்பரோடு கடைக்கு வந்திருந்தாள். மனுவோடு சேர்க்க அதில் பத்துக் காப்பி கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, "உங்க பேரு இதுல எங்க சார் இருக்கு?" என்றாள். விரலை வைத்துக் காட்டினேன். அந்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மேலே கொட்டை எழுத்தில் இருந்த நிருபர் பெயரைப் பார்த்தாள். அதை அவளுக்கு யாரோ ஏற்கனவே காட்டிக் கொடுத்திருக்க வேண்டும்.

"ரொம்பச் சின்னதாப் போட்டுருக்காங்களே சார்" என்றாள், எனக்காக வருத்தப்பட்டு.

"ஆமாம்மா" என்றேன். "சின்னதாத்தான் போட்டிருக்காங்க."